மூன்று முறை கத்தியைக் கீழே போட்ட ஊர்

எங்கள் ஊர் மூன்று முறை கத்தியைக் கீழே போட்டிருக்கிறது. மூன்றுக்கும் பலகை உண்டு. முதல் பலகையில் எழுத்து போய்விட்டது. வெள்ளாடுகள் அதில் முதுகைச் சொறிந்துகொள்கின்றன. இரண்டாவதில் ஒரு கத்தியும் அதன் மேல் சிவப்புக் கோடும் இருக்கின்றன. மூன்றாவது இன்னும் புதிது. 'தெங்கோகுண்டா, கத்தி இல்லாத ஊர். பெண்குழந்தைகளின் உறுப்பை அறுக்கும் வழக்கம் இங்கே அறவே ஒழிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். மாலையில் மூன்று பலகைகளின் நிழலும் நீண்டு, பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள் அதை மிதித்துக்கொண்டு வரும்.

ஒவ்வொரு முறையும் கத்தியைக் கீழே போட்டவள் ஃபிலிஜே கான்டே. கொல்லர் குலத்துக்காரி, அறுபது வயதிருக்கும். எங்கள் பக்கத்தில் அறுப்பது கொல்லர் வீட்டுப் பெண்களின் வேலை; அவள் அம்மா செய்ததை அவளும் செய்கிறாள். முதல் விழாவுக்கு அவள் கணவர் ஒரு சாண் கத்தி அடித்துக் கொடுத்தார். படத்தில் தெரியவில்லை என்று புகைப்படக்காரர் வருத்தப்பட்டார். இரண்டாவது விழாவுக்கு முழங்கை நீளம். மூன்றாவது கத்தியால் ஒரு காளையை இரண்டாகப் பிளக்கலாம். அதை அவள் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டபோது முன்வரிசை விருந்தினர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

ஃபிலிஜே தன் வேலையைச் செய்வது சவரப் பிளேடால். கடையில் கிடைக்கும். பிளேடைக் கீழே போடும்படி எந்த நிறுவனமும் அவளைக் கேட்டதில்லை.

போன வறட்சிக் காலத்தில் நான்காவதாக ஒரு நிறுவனம் வந்தது. அது வழக்கத்தை ஒழிக்க வரவில்லை. ஒழிப்புத் திட்டங்கள் ஏன் சில ஊர்களில் வெல்கின்றன, ஏன் சில ஊர்களில் தோற்கின்றன என்று மதிப்பிட வந்தது. தலைவர் சன்குங் மன்ஜாங், கடற்கரைப் பக்கத்துக்காரர். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். கூடவே ஹெட்விக் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவள். எதைச் சொன்னாலும் கண் கலங்க எழுதிக்கொள்வாள். நான் பெண்டா பால்டே, பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். ஒன்பதாம் வகுப்புவரை படித்திருக்கிறேன், நான்கு மொழி பேசுவேன் என்பதால் ஊர்த்தலைவர் என்னை மொழிபெயர்க்க அனுப்பினார்.

கேள்விப் படிவத்தில் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் இருந்தன. முதல் கேள்விக்கு மட்டும் பதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"சார், முதல் கேள்வியை யார்கிட்டயும் கேக்கலையே?" என்றேன்.

"எது?"

"'இங்க நிறுத்திட்டாங்களா'ங்கிற கேள்வி."

"அதை ஏம்மா கேக்கணும்? ஊருக்கு வெளியே பலகை வச்சிருக்கே. மூணு பலகை! ஒரே பதிலை மூணு சாட்சி சொல்லுது. நாம ஏன் ஜெயிச்சோம்ங்கிறதுதான் இப்ப கேள்வி."

எங்கள் ஊர் வெற்றி ஊர். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்சு தோல்வி ஊர். சின்சுவில் இந்த வேலையைச் செய்துவந்தவளுக்குக் கண் தெரியாமல் போய் ஆறு வருடமாகிறது. அதன் பிறகு அங்கே எந்தப் பிள்ளைக்கும் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் கத்தியைக் கீழே போட வேண்டிய நாளில் பெருமழை பெய்து, பந்தல் ஓடையில் போய்விட்டது. விழா நடக்கவில்லை. நான் இதைச் சொன்னபோது சன்குங் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாத்தியா, அறுக்கறது நின்னுபோனாக்கூட அந்த ஊரால ஜெயிக்க முடியலை. தோல்வி எவ்வளவு ஆழமா வேர்விட்டிருக்குன்னு இதுல தெரியுது. இதை நாங்க தனி அத்தியாயமாவே எழுதப் போறோம்" என்றார்.

மாமரத்தடியில் பெண்களைக் கூட்டினார்கள். வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு இருபது பேர் உட்கார்ந்தோம். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஹெட்விக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"எதை?" என்றாள் தனக்கு முன்னால் இருந்த கடலையை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி.

பக்கத்திலிருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். "அதாண்டி. பலகையில இருக்கறது."

"ஓ, அதுவா! நிறுத்திட்டோம், நிறுத்திட்டோம். மூணு தடவை நிறுத்தினோம். வேணும்னா இன்னொரு தடவை நிறுத்தறதுக்கும் நாங்க தயார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பைத் தவிர மற்றதை மொழிபெயர்த்தேன். ஹெட்விக் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'மக்களிடம் அசாதாரணமான மன உறுதி.'

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணவரின் அக்கா ருகி, என் மகள் தாடோவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். தாடோவுக்கு நான்கு வயது. என் கணவர் ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறார். வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் ருகி சொல்வதுதான் முடிவு. எங்கள் பக்கத்தில் அத்தைக்கு அந்த உரிமை உண்டு.

"வியாழக்கிழமை காலையில பிள்ளையை ஃபிலிஜே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ருகி.

"அண்ணி, அதான் ஒழிச்சாச்சுன்னு…"

"யார் ஒழிச்சா? நீயா? நாலு வயசு ஆச்சு. இவ வயசுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் முடிஞ்சு போச்சு. நாளைக்கு இவ கையால ஒருத்தனும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான். அப்ப உன் வெள்ளைக்காரி வந்து கட்டிக்குவாளா?"

"உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை…"

"பேசிட்டேன். 'அக்கா சொல்றபடி'ன்னுட்டான்."

தாடோ பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்குப் புதுத் துணி எடுத்திருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சன்குங் சாரிடம் போனேன்.

"சார், வியாழக்கிழமை என் பிள்ளைக்குச் செய்யப் போறாங்க."

"எந்த ஊர்ல?"

"இங்கதான்."

அவர் புன்னகைத்தார். "இங்க அது நடக்காதேம்மா."

"நடக்கப் போகுது சார். இதுக்குச் சட்டம் இருக்குல்ல?"

"சட்டம் தோல்வி ஊருக்கும்மா. இருந்தாலும் நீ சொல்லிட்ட, முறைப்படி பாத்துடுவோம்." புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தார். முதல் கட்டத்தில் 'ஊரின் நிலை' என்றிருந்தது. வெற்றி என்று குறித்தார். 'வெற்றி எனில் ஒன்பதாம் பக்கம் செல்க' என்றிருந்தது. இருவரும் ஒன்பதாம் பக்கத்துக்குப் போனோம். அதில், 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

"ஊரோட நிலையை மாத்தணும்னா பாஸே டவுன்ல கமிட்டி கூடணும். கமிட்டி வியாழக்கிழமை கூடுது" என்றார்.

அதற்கு மேல் எனக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஃபிலிஜேயிடமே போனேன்.

நாங்கள் ஃபுலாக்கள், மாடு மேய்க்கும் இனம். கொல்லர் குலத்தாருக்கும் எங்களுக்கும் கேலி முறை. எவ்வளவு வைதாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதை மற்றவர் மறுக்கவும் கூடாது. நான் போனபோது அவள் முற்றத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாடி பால் திருடி! எந்த மாட்டை ஓட்டிட்டு வந்த?"

"உன்னைத்தான் ஓட்டிட்டுப் போக வந்தேன், மொச்சை தின்னி. உன் முப்பாட்டனை எங்காளு ஒரு குடுவை மோருக்கு வாங்கினான். வட்டியும் முதலுமா நீ எனக்கு அடிமை."

"புளிச்ச மோரு. அதனாலதான் எங்க குலமே இப்படி மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டு இருக்கு." சிரித்தபடி எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினாள். அதைக் கீழே வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"தெரியும். உன் அண்ணி முறைப்படி கோலாக் கொட்டை வச்சுக் கேட்டுட்டுப் போயிட்டா. அவளும் ஃபுலாதானடி. அவ கேட்டதை நான் எப்படி மறுப்பேன்?"

"நானும் ஃபுலாதான். வேண்டாம்னு கேக்கறேன்."

ஃபிலிஜே இன்னொரு முறை தேநீரை ஆற்றினாள். பிறகு சொன்னாள். "ரெண்டு ஃபுலா ரெண்டு விதமாக் கேட்டா, வாசப்படியில உக்காந்திருக்கிறவ பேச்சுதான் செல்லும். அது எங்க முறை. என் வாசப்படியில ஒரு ஃபுலா உக்காந்துட்டா, அவளைத் தாண்டி நான் வெளிய வரவும் முடியாது, யாரும் உள்ள வரவும் முடியாது. வியாழக்கிழமை விடியறதுக்குள்ள வந்து உக்காரு. வெயில் ஏறிடுச்சுன்னா அன்னிக்கு வேலை இல்லை."

"அடுத்த வியாழக்கிழமை?"

"மறுபடி வந்து உக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "மூணு கூட்டம் வந்துச்சு. கத்தியைப் போடு கத்தியைப் போடுன்னாங்க. போட்டேன். இந்த ஊர்ல எத்தனை ஃபுலாப் பொம்பளைங்க இருக்கீங்க? ஆளுக்கு ஒரு நாள் வந்து என் வாசல்ல உக்காருங்கடின்னு யாராவது சொன்னாங்களா? எனக்கும் இது போதும்னுதான் இருக்கு பெண்டா. நானா நிறுத்தினா, பெத்த அம்மா வேலையை அழிச்சவள்னு பேர் வரும். ஒரு ஃபுலா தடுத்தான்னா எனக்கு ஒரு பேரும் வராது."

இத்தனை வருடத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு கேள்விகளிலும் இது இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேதான் தவறு செய்தேன். நேராகப் போய் ஹெட்விக்கிடம் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இதைத்தான் ஒரு வருஷமாத் தேடிட்டு இருக்கோம்! சன்குங், இதைப் பாஸே கருத்தரங்குல கண்டிப்பா வைக்கணும். இவங்களே வந்து பேசணும்!"

"என்னிக்குங்க?" என்றேன்.

"வியாழக்கிழமை."

சன்குங் சார் ஏற்கெனவே பேனர் வாசகத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தார். 'வாசலமர்வு: ஒரு புதிய பாதை.'

"சார், வியாழக்கிழமை நான் வாசல்ல உக்காரணும்."

"உக்காரறது எப்படின்னு சொல்லத்தானேம்மா உன்னைக் கூப்பிடறோம்? இங்க நீ உக்காந்தா ஒரு பிள்ளை. அங்க வந்து பேசினா ஓராயிரம் பிள்ளை."

"எனக்கு ஒரு பிள்ளைதான் சார்."

"பாரு, கமிட்டியும் அங்கதான் கூடுது. உன் புகாரை நானே எடுத்து வைக்கிறேன். முத்திரை போட்ட கடுதாசி ஒண்ணு கிடைச்சுட்டா ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ உக்கார வேண்டியதில்லை. ஒரேயடியா முடிஞ்சுது."

நான் அந்த முத்திரையைக் கண்முன் பார்த்தேன். உருண்டையாக, ஊதாவாக, எந்த வாசலையும் அடைக்கும் கல் போல இருந்தது. உட்கார்ந்தால் ஒரு காலை கிடைக்கும். கடிதம் கிடைத்தால் எல்லாக் காலைகளும் கிடைக்கும். அதற்குள் ஊர்த்தலைவரும் ஆள் அனுப்பிவிட்டார். ஊருக்குப் பெருமை, போய் வா என்று.

"சரி சார். பிள்ளையையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் முகம் முதன்முறையாகக் கடுமையானது. "அது மட்டும் முடியாது. எங்க வண்டியில குழந்தைகளை ஏத்தக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை. அதுல நாங்க சமரசமே பண்ணிக்கிறதில்லை."

என் தவிப்பைப் பார்த்து ஹெட்விக்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதன்கிழமை என்னை ஃபிலிஜேயின் வாசற்படியில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். அதை முழு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, நனையாதபடி கண்ணாடித்தாள் ஒட்டி, வியாழக்கிழமை விடியற்காலையில் அதே வாசற்படியில் சாய்த்துவைத்தார்கள். படத்தின் கீழே 'அடையாள இருப்பு' என்று எழுதியிருந்தது.

ஃபிலிஜே கதவுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தாள். "இதென்னடி, செத்துப்போனவ மாதிரி?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். தூங்கற மாதிரி கிட."

"நான் தூங்குவேன். உன் அண்ணி தூங்குவாளா?"

வண்டி ஹாரன் அடித்தது.

பாஸேயில் கூட்டம் ஒன்பது மணிக்கு என்றார்கள். பிரமுகர் வர பதினொன்றரை ஆனது. சன்குங் சார் வரவேற்றுப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் நாங்கள் இந்த வழக்கத்தை ஒழிப்பது எப்படி என்று தெரியாமல் அலைந்தோம். இன்று, அதை ஏன் ஒழிக்க முடியவில்லை என்பதற்கு எங்களிடம் நாற்பத்தேழு அறிக்கைகள் இருக்கின்றன. இந்த வளர்ச்சி சாதாரணமானதல்ல. வழக்கம் ஒழிந்துவிட்டால் இந்த அறிவு எல்லாம் எங்கே போகும் என்ற கவலையும் எங்களுக்கு உண்டு. நல்லவேளையாக, அந்த அபாயம் இப்போதைக்கு இல்லை."

கைதட்டினார்கள். மதியம் நிலக்கடலைக் குழம்பும் சோறும் போட்டார்கள். என்னைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். மேடையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று ஒருவர் கேட்டார்.

"கொல்லர்களைப் பக்கத்து நாட்டிலிருந்து வரவழைக்கலாமா?" என்றார் இன்னொருவர்.

"ஃபுலாக்களே இல்லாத ஊர்களில் என்ன செய்வது?" என்று பிரமுகர் கேட்டார். சன்குங் சார் எழுந்தார். "மற்றவர்களுக்கு ஃபுலாவாக இருப்பது குறித்து மூன்று நாள் பயிற்சி அளிக்க உத்தேசித்திருக்கிறோம்." பிரமுகர் திருப்தியாகத் தலையசைத்தார்.

என் புகாரை 'இதர விஷயங்கள்' என்ற கடைசித் தலைப்பில் வைத்திருந்தார்கள். அதற்குள் பாதிப் பேர் தொழுகைக்கு எழுந்துவிட்டார்கள். ஆனாலும் கடிதம் கிடைத்தது. உருண்டையான ஊதா முத்திரையும் இருந்தது. வண்டியில் திரும்பும்போது பிரித்துப் படித்தேன். 'தங்கள் புகார் பெறப்பட்டது. தங்கள் ஊர் ஏற்கெனவே வழக்கம் ஒழிந்த ஊர் என்பதால், புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்படுகிறது.'

ஊருக்குள் வண்டி நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பலகைகளின் நிழல் பாதையில் கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் படம் ஃபிலிஜேயின் வாசலில் அப்படியே சாய்ந்திருந்தது. ஒரு கோழி அதன் நிழலில் படுத்திருந்தது. ஃபிலிஜே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வைவாள் என்று நினைத்தேன். வையவில்லை.

"உன் அண்ணி காலையிலயே பிள்ளையோட வந்துட்டா. 'வாசல்ல ஃபுலா இருக்கா, பாரு'ன்னேன். 'அது காகிதம், நான்தான் ஃபுலா, வழி விடு'ன்னா. நான் என்ன சொல்வேன்? உன்னை உக்காரச் சொன்னேன் பெண்டா. உன் படத்தை இல்லை."

தாடோ ருகியின் அறையில், புதுத் துணியில் படுத்திருந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"நீ அங்கதான் உக்காந்திருந்த. நான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றாள். பிறகு ஒரு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை.

அறிக்கை வந்தது. எங்கள் ஊருக்கு அதில் ஆறு பக்கம். வாசலில் நான் உட்கார்ந்திருக்கும் படம் அட்டையில் இருந்தது.

இந்த வறட்சிக் காலத்தில் வாசலமர்வுத் திட்டத்தைத் தொடங்கிவைக்க அதே வண்டி வந்தது. மேலே ஒரு நாற்காலியைக் கட்டி எடுத்துவந்தார்கள். நிறுவனத்தின் சின்னம் பொறித்த, சாய்மானம் உள்ள நாற்காலி. ஒரே நாற்காலிதான், மதியத்துக்குள் அது அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நான் மொழிபெயர்க்கப் போனேன். ஊரே ஃபிலிஜேயின் முற்றத்தில் கூடியிருந்தது.

வாசற்படியில் தாடோ உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து, விடியற்காலையிலிருந்தே. ருகியின் பேத்திக்கு அன்று நாள் குறித்திருந்தார்கள். கைக்குழந்தை. ருகி அதை முதுகில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக நின்றிருந்தாள்.

"எந்திரி கண்ணு, நாற்காலி போடணும்" என்றார் சன்குங் சார்.

"மாட்டேன். நான் ஃபுலா" என்றாள் தாடோ.

உள்ளேயிருந்து ஃபிலிஜேயின் குரல் வந்தது. "அவ சொல்றது சரிதான். என்னால தாண்ட முடியாது."

கூட்டம் சிரித்தது. ஹெட்விக் கண் கலங்கக் கேமராவை எடுத்தாள். சன்குங் சார் அவள் கையைத் தடுத்தார். "குழந்தை படத்துல வரக் கூடாது. பாதுகாப்புக் கொள்கை." அவரே குனிந்து, மிகவும் மென்மையாக, தாடோவை அலாக்காகத் தூக்கி வேலியோரம் இறக்கிவிட்டார். நாற்காலியை வாசற்படியில் வைத்தார்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண், பாஸேக்காரி, அதில் அமர்ந்து புன்னகைத்தாள். படம் எடுத்தார்கள். சன்குங் சார் பேசினார். நான் அவர் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு நாற்காலியை மறுபடி வண்டியின் மேல் கட்டினார்கள்.

"ஏறும்மா, அடுத்த ஊருக்கு நேரமாச்சு" என்றார்.

வாசற்படி காலியாக இருந்தது. ருகி ஓர் அடி முன்னால் வந்தாள். வேலியோரத்திலிருந்து தாடோ என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

நான் போய் உட்கார்ந்தேன். தாடோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஃபிலிஜே கேட்டாள். "எவ்வளவு நேரம்டி உக்காருவ, பால் திருடி?"

"வெயில் ஏறட்டும்."

"நாளைக்கு?"

முற்றத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. ருகி மட்டும் போகவில்லை. முற்றத்து மாமரத்தடியில் தன் பாயை விரித்தாள். முதுகிலிருந்த குழந்தையை அவிழ்த்து மடியில் கிடத்திக்கொண்டு எங்களுக்கு எதிரே அமர்ந்தாள். அவளுக்கும் உட்காரத் தெரியும்.